என்ன மருந்து அடிக்கலாம்?

வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேள்விக்கு முன்னால் கைப்பேசிக்கு ஒரு படம் வந்துவிடும். சுருண்ட இலை, மஞ்சளித்த இலை, ஓட்டை விழுந்த இலை. எல்லாரும் இலையைத்தான் படம் எடுக்கிறார்கள். செடி நிற்கும் மண்ணைப் படம் எடுத்து அனுப்பியவர் ஒருவரும் இல்லை. ஆகவே நான் திருப்பிக் கேட்பேன்: தூரைச் சுற்றி மண் எப்படி இருக்கிறது? எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது? கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள்? பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது? சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால் வாங்கித் தெளித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்று வருபவரிடம் இவ்வளவு விசாரித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் நான் விடுவதில்லை. வீட்டுக் கொல்லையில் காயும் பழமும் வளர்ப்பவர்களுக்கு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை மருந்தால் தீருகிறவை அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்ல எனக்கு அலுப்பில்லை.

தக்காளியில் காயின் நுனி கறுத்துப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். காய் நன்றாகத் திரண்டிருக்கும். காம்புப் பக்கம் பார்த்தால் ஒரு குறையும் இராது. கையில் எடுத்துத் திருப்பினால், பூ இருந்த நுனியில் நீர் கோத்த மாதிரி ஒரு சிறு வட்டம் தெரியும். அது பழுப்பாகி, பிறகு கறுத்து, தடித்து, உள்ளே அமுங்கிவிடும். அதில் வெண்பூஞ்சை படர்ந்தால் பார்ப்பவர்கள் பூஞ்சைதான் காரணம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பூஞ்சை பின்னால் வந்தது. முதலில் நடந்தது, காயின் நுனிக்குக் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, போய்ச் சேராமல் போனது.

அப்படியென்றால் மண்ணில் சுண்ணாம்பு குறைவா என்று அடுத்த கேள்வி வரும். பல தோட்டங்களில் குறைவே இருக்காது. கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு சேர்ந்துதான் பயணம் செய்யும். தண்ணீரை அதிகம் இழுப்பது இலை; காய் இழுப்பது கொஞ்சம். மண் ஒருநாள் காய்ந்து பிளந்து, மறுநாள் சேறாகிக் கிடந்தால், கிடைக்கிற கால்சியத்தை இலைகள் வாங்கிக்கொள்ளும். வேகமாகப் பெருக்கிற காயின் கடைசி முனைக்கு மிச்சம் வராது. இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் காய்க்கு வருவதும் இல்லை. அதனால்தான் இலைமீது கால்சியம் தெளிப்பது பெரிய பலன் தருவதில்லை. முட்டை ஓட்டைத் தூரில் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஓடு மண்ணில் மக்கக் காலம் பிடிக்கும். இந்தப் பருவத்துக் காய்க்கு அது உதவாது. உதவுவது சீரான ஈரம். தூரிலிருந்து சற்றுத் தள்ளி, 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் இப்படி ஏறி இறங்காது. யூரியா போன்ற உரத்தை அள்ளிப் போடுவதை நிறுத்தினாலும் இந்தத் தொல்லை குறையும்.

தண்ணீர் விடுவதிலேயே இன்னொன்று சொல்ல வேண்டும். தினமும் மாலையில் பூவாளியால் மேலே ஒரு தெளிப்புத் தெளித்துவிட்டுப் போகிறவர்களின் செடிகள், நாளெல்லாம் வெயிலில் தொங்கிப்போய் நிற்கும். மேல்மண் கறுப்பாக நனைந்திருப்பதைக் கண்டு மனம் நிறைந்துவிடுகிறது. விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். இரண்டாம் கணுவுக்குக் கீழே மண் தூளாக இருக்கும். ஈரம் மேலேயே கிடைப்பதால் வேரும் மேலேயே படர்ந்து, ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் வாடுகிறது. இடைவெளி விட்டு, விடும்போது ஆழமாக ஊறும்படி நிதானமாக விட்டால் வேர் கீழே இறங்கும். நாற்றங்காலுக்கும் இப்போதுதான் நட்ட நாற்றுக்கும் இது பொருந்தாது. அவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வேண்டும். அங்கேயும் மிகையானால் ஒரே இரவில் தண்டு தரையையொட்டி நூலாக மெலிந்து, நாற்றுகள் வரிசையாகச் சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்பது இதுதான். நெருக்கமாக விதைப்பதும், காற்றோட்டம் இல்லாத மூலையும், எப்போதும் சொதசொதவென்று இருக்கும் மண்ணும் சேர்ந்தால் அது வரும். சாய்ந்த நாற்றை நிமிர்த்த வழியில்லை. அடுத்த தட்டில் விதையைக் கலைத்துத் தூவுங்கள்.

மண்ணுக்கு வருகிறேன். புதிதாகக் கட்டிய வீடுகளின் பின்புறம் பெரும்பாலும் மண்ணே இருப்பதில்லை. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அடிமண் மேலே கிடக்கும். நல்ல மேல்மண் அதன் கீழே புதைந்திருக்கும். செங்கல் துண்டு, சிமென்ட் பாளம், காய்ந்த கலவை எல்லாம் அதோடு கலந்திருக்கும். சிமென்டிலும் காரையிலும் சுண்ணாம்பு இருப்பதால் மண் காரத்தன்மை அடைகிறது. பெரும்பாலான காய்கறிகளுக்கு அமில கார அளவு 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. அதைத் தாண்டிப் போனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அப்போது செடியின் நுனியில் இருக்கும் இளம் இலை வெளிறும்; நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு கோடாகத் தெரியும். நைட்ரஜன் பற்றாக்குறையில் இது தலைகீழ். நைட்ரஜனைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும். ஆகவே முதலில் அடியிலைதான் மஞ்சளாகும். இலை மஞ்சள் என்று சொல்வதோடு நிற்காமல், எந்த இலை மஞ்சள் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நட்டு முடித்த பிறகு சரி செய்ய முடியாதது வடிகால். நடுவதற்கு முன்னால் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, அது வடிந்த பின் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் எலுமிச்சையும் பப்பாளியும் வேரழுகிச் சாகும். மேட்டுப்பாத்தி போடுவதுதான் வழி. அடியில் கூழாங்கல் பரப்பினால் வடிந்துவிடும் என்று நம்பிச் செய்வார்கள். நுண்மண்ணிலிருந்து பருக்கன் கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகே இறங்கும். கல்லை விட்டுவிட்டு மண்ணை உயர்த்துங்கள்.

மக்காத மரத்தூளை மண்ணோடு கலப்பது வேறு விதமான இடர். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற நைட்ரஜனைத் தங்கள் உடம்புக்கு எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். அதே மரத்தூளை மண்ணின் மேலே மூடாக்காகப் போட்டால் இந்தக் கேடு பெரிதாக இல்லை. தொழுவுரம் வெளியிலிருந்து வாங்கினால், பாத்தியில் கொட்டுவதற்கு முன் ஒரு தொட்டியில் மண்ணோடு கலந்து பீன்ஸ் விதை ஊன்றிப் பாருங்கள். மேய்ச்சல் நிலத்தில் அடித்த சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றையும் தாண்டிச் சாணத்தில் தங்கி, உரத்தோடு தோட்டத்துக்கு வந்துவிடுகின்றன. முளைத்த பீன்ஸின் இலை கிண்ணமாகக் குவிந்து முறுக்கிக்கொண்டால் அந்த உரம் உங்கள் தக்காளிக்கு வேண்டாம். இந்த ஒரு சோதனைக்காகச் செலவாகிற இரண்டு மூன்று வாரத்தை நான் வீண் என்று கருதுவதில்லை.

வெயில் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, ஆனால் அதை மறைத்துப் பேசவும் முடியாது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய் எதுவானாலும் நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். கீரைகள் அதில் பாதியிலும் வளரும். நிழல் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நடும்போது வெயிலாக இருந்த பாத்தி சில மாதத்தில் மதில் நிழலுக்குள் போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஸ்ப்ரெங்கல் சொல்லி, யூஸ்டஸ் ஃபான் லீபிக் உலகறியச் செய்த விதி ஒன்று உண்டு: செடிக்குத் தேவையானவற்றில் எது மிகக் குறைவோ, அதுதான் அதன் வளர்ச்சியைத் தீர்மானிக்கும், மற்றவற்றை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. அவர்கள் சொன்னது மண்சத்தைப் பற்றி. வெயிலுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. நிழலில் நிற்கும் கத்தரிக்குப் போடுகிற உரம் இலையாகவும் அசுவினிப் பூச்சியாகவும்தான் திரும்பி வரும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பூ பிடித்தும் காய் பிடிக்காத கதை.

என் அண்ணன் மகள் பீர்க்கங்கொடியைப் பந்தலில் ஏற்றியிருந்தாள். பந்தல் முழுக்க மஞ்சள் பூ. "அத்தை, பிஞ்செல்லாம் வெம்பி விழுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டாள். நான் அவளைச் சாயங்காலம் பந்தலடியில் நிற்கச் சொன்னேன். பூசணி, பாகல், வெள்ளரி எல்லாம் காலையில் மலர்கிறவை. பூசணிப் பூ விடியுமுன் விரிந்து உச்சிக்குள் சுருங்கிவிடும். பீர்க்கும் சுரையும் மாலையில் விரிகிறவை. சுரையின் வெள்ளைப் பூவுக்கு இரவில் திரியும் அந்துப்பூச்சிதான் விருந்தாளி. விளக்கொளி மிகுந்த, செடிகொடி குறைந்த இடங்களில் அந்தப் பூச்சிகள் வருவதே அரிது.

கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் ஆண் பூக்கள்தான் வரும். அவை உதிர்வது இயல்பு, அதற்குக் கவலைப்பட வேண்டாம். பெண் பூவின் கீழே பூவுக்கு முன்பே ஒரு குட்டிப் பிஞ்சு இருக்கும். அவளிடம் ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிள்ளச் சொன்னேன். நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டை விரலால் தொட்டதும் மஞ்சள் தூள் நகக்கண்ணில் ஒட்டியது. அதைப் பெண் பூவின் நடுவில் மூன்று மடலாக இருக்கும் சூல்முடியில், எல்லா மடலிலும் படும்படி மெதுவாகத் தடவச் சொன்னேன். ஒரு மடலில் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சூம்பி வரும். வெள்ளரியில் இதை நன்றாகப் பார்க்கலாம். தடவிய பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டிவைத்தாள். நூல் கட்டிய பிஞ்சுகள் தலையைத் தொங்கவிட்டு நீண்டன. கட்டாதவை மஞ்சளித்து விழுந்தன. அவளுக்கு அதன் பிறகு மருந்துக் கேள்வியே எழவில்லை. இப்போது அவள் மற்றவர்களுக்குக் கற்றுத் தருகிறாள், அதில் எனக்குப் பெருமை.

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே உண்டு. வெளியிலிருந்து மகரந்தம் வர வேண்டியதில்லை. ஆனால் மகரந்தம் ஒரு கூம்புக்குள் அடைபட்டு, நுனித் துளை வழியாகத்தான் கொட்டும். அதற்கு அதிர்வு வேண்டும். மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிர வைத்து மகரந்தத்தை உதறி எடுக்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஐரோப்பாவில் பசுமைக்குடிலில் தக்காளி வளர்ப்பவர்கள் ஒரு காலத்தில் மின்கருவியை வைத்துக் கொத்துக் கொத்தாக அதிர வைத்தார்கள். 1980களின் இறுதியில்தான் அந்த வேலையைச் செய்ய பம்பிள் தேனீக்களை வளர்த்து விற்கும் தொழில் அங்கே தொடங்கியது. வீட்டில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட்டாலே போதும். கருவண்டைப் பார்த்தால் அடிக்க ஓடாதீர்கள். பகல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் குளிராமல் இருக்கும் நாட்களில் மகரந்தமே வீரியமிழந்துவிடும். அப்போது என்ன சுண்டினாலும் பூ உதிரும். வெப்பம் தணிந்ததும் அதே செடி காய்க்கும். அந்த இடைவெளியில் செடியைக் காப்பாற்றி வைத்திருப்பதுதான் வேலை, பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்.

பப்பாளி பூத்துக் குலுங்கியும் காய்க்கவில்லை என்பார்கள். நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கினால் அது ஆண் மரம். பெண் பூ தண்டையொட்டி, அடியில் பருத்து உட்கார்ந்திருக்கும். விதை போட்டு வளர்க்கிறவர்கள் ஒரு குழியில் இரண்டு மூன்று கன்று வைத்து, பூ வந்ததும் வேண்டியதை நிறுத்திக்கொள்வது நல்லது.

பூச்சிகளில் மாவுப்பூச்சியை முதலில் சொல்கிறேன். கொய்யாவின் இலைக்காம்பிலும் செம்பருத்தியின் நுனியிலும் பஞ்சாக ஒட்டியிருக்கும். அதன் மேல் என்னென்னவோ தெளிப்பார்கள். எறும்பைக் கவனிக்க மாட்டார்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கின்றன; தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகின்றன. அடிமரத்தில் பட்டையாகத் துணியைச் சுற்றி அதன்மேல் பிசுபிசுப்பான பசையைத் தடவி, மதிலைத் தொடும் கிளைகளை வெட்டிவிட்டால் எறும்பு ஏற வழியில்லை. மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

பொறிவண்டின் வலிமையைப் பற்றி உலகம் தெரிந்துகொண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1880களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைப் பஞ்சு போர்த்திய ஒருவகைச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்தது. 1888இல் ஆல்பர்ட் கோபெல் என்பவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தப் பூச்சியைத் தின்னும் சிறு சிவப்புப் பொறிவண்டுகளைப் பிடித்துக் கப்பலில் அனுப்பினார். 1889 முடிவதற்குள் தோட்டங்கள் மீண்டன. 1940களில் அதே தோட்டங்களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்கத் தொடங்கியதும் பொறிவண்டுகள் மடிந்து, செதில் பூச்சி திரும்பி வந்தது. ஒரு தெளிப்பு எதையெல்லாம் கொல்கிறது என்று கேட்காமல் தெளிப்பது எனக்கு ஏன் உடன்பாடில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வண்டை எல்லாருக்கும் தெரியும். அதன் புழுப் பருவம்தான் பலருக்குத் தெரியாது. நீளமாக, கருஞ்சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுப் புள்ளியோடு, ஆறு காலில் வேகமாக நடக்கும். அசுவினிக் கூட்டத்தின் நடுவே அதைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள். வண்டைப் போலவே அதுவும் அசுவினியை வாரித் தின்னும்.

எலுமிச்சைக் கன்றில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று இலைமேல் கிடந்தால் குனிந்து பாருங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர வளரப் பச்சையாகிவிடும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னால் இரட்டை நாக்காக ஒரு கொம்பை நீட்டி நாற்றத்தை வீசும். பெரிய மரத்துக்கு இது ஒரு பொருட்டல்ல. முழங்கால் உயரக் கன்றை மொட்டையாக்கிவிடும். காலையில் ஒரு சுற்று வந்து கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிட்டால் கன்றும் பிழைக்கும், வண்ணத்துப்பூச்சியும் பிழைக்கும்.

மிளகாய் இலை சுருள்வதற்கும் ஒரு வார்த்தை. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு இலை நீண்டு குறுகினால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு. சிலந்திப்பேன் பூச்சியினமே அல்ல, சிலந்தியினம்; அதனால் பல பூச்சிக்கொல்லிகள் அதை ஒன்றும் செய்யாமல் அதைத் தின்னும் பூச்சிகளை மட்டும் கொன்றுவிடும். வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது மற்றச் செடிகளுக்கு நாம் செய்யும் உதவி. வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டருக்கு 5 மில்லி, சிறிது சோப்புக் கரைசலோடு, வெயில் இறங்கிய பின். அதில் வேலை செய்யும் அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். உடனே பூச்சி விழவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். அது புழுவின் பசியையும் தோலுரிப்பையும் கெடுத்து மெல்ல வேலை செய்வது.

பழ ஈ விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொய்யாவை அறுத்தால் உள்ளே புழு நெளிகிறது என்றால், தாய் ஈ தோலுக்கடியில் முட்டை இட்டுவிட்டுப் போய் நாளாகிவிட்டது. பழத்தின் மேல் எதைத் தெளித்தும் உள்ளே இருக்கும் புழுவைத் தொட முடியாது. புழு முற்றியதும் பழத்தை விட்டு வெளியேறி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து அடுத்த தலைமுறை ஈ எழும்பும். ஆகவே கீழே விழுந்த பழத்தை விழுந்தபடி விடக் கூடாது. பொறுக்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, வெயிலில் வைத்துவிட வேண்டும். அப்படியே மட்குக் குழியில் எறிவது ஈக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான். பொறி வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மெத்தில் யூஜினால் என்ற ஈர்ப்புப் பொருளை வைத்த பொறிக்குக் கொய்யா, மா போன்ற பழங்களைத் தாக்கும் ஈக்களின் ஆண்கள் வரும்; பாகல், பீர்க்கு, பூசணியைத் தாக்கும் ஈக்கு க்யூ லூர் என்ற வேறு ஈர்ப்புப் பொருள் வேண்டும். இரண்டிலும் விழுவது ஆண் ஈக்கள். பக்கத்துக் கொல்லையிலிருந்து வரும் பெண் ஈயை அது தடுக்காது. உறுதியான வழி, காய் சிறிதாக இருக்கும்போதே காகிதப் பையோ துணிப் பையோ கட்டிவிடுவது. ஒவ்வொரு காய்க்கும் கட்டுவதா என்று மலைப்பார்கள். எட்டுகிற காய்களுக்குக் கட்டுங்கள். மரத்தைக் கவாத்து செய்து எட்டுகிற உயரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொய்யா புதுத்தளிரில்தான் பூக்கும் என்பதால் கவாத்து அதற்கு நன்மையே.

பூஞ்சை நோய்களுக்கு மருந்து உண்டு. 1882இல் பிரான்சின் மெடாக் பகுதியில், சாலையோரக் கொடிகளில் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க செம்பு கலந்த உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்திருந்தார்கள். சுற்றிலும் அடிச்சாம்பல் நோயில் இலை உதிர்ந்திருக்க, அந்தக் கொடிகள் மட்டும் பசுமையாக நிற்பதைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885இல் அவர் வெளியிட்டதுதான் போர்டோ கலவை. நல்ல மருந்துதான், ஆனால் செம்பு மண்ணை விட்டுப் போகாது, ஆண்டுக்கு ஆண்டு சேரும். அதற்கு முன் செடிகளுக்கு இடையே காற்றுப் போக வழி விடுங்கள். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் தூரில் ஊற்றுங்கள். தக்காளியின் அடியிலைகளை மண்ணில் படாமல் கிள்ளிவிடுங்கள்.

செடி காரணமில்லாமல் குன்றினால் ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். தக்காளி, வெண்டை வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் இருக்கும் முடிச்சுகள் வேறு. விரலால் தேய்த்தால் உதிரும், கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அவை நைட்ரஜனைப் பிடித்துத் தருகிற நல்ல முடிச்சுகள். நூற்புழு முடிச்சு வேரின் வீக்கம், தனியே உதிராது. நூற்புழுவைக் குறைக்க அந்தப் பாத்தி முழுக்கத் துலுக்கச் சாமந்தியை அடர்த்தியாக ஒரு பருவம் வளர்க்க வேண்டும். தக்காளிக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக நட்டால் அழகுதான் மிஞ்சும்.

ஒட்டுக்கன்று வாங்கியவர்கள் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை உடனுக்குடன் கிள்ள வேண்டும். அது நீங்கள் வாங்கிய மரம் அல்ல, அடிக்கன்று. செழிப்பாக வளர்கிறதே என்று விட்டுவைத்தால் மேலே உள்ள ஒட்டை அது அமுக்கிவிடும். அணிலுக்கும் கிளிக்கும் எலிக்கும் வலைதான். இறுக்கமாக, தரைவரை கட்டுங்கள், தொளதொளவென்று விட்டால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும்.

எல்லாம் நன்றாக விளைந்த பிறகும் ஒரு சங்கடம் உண்டு. ஒரே நாளில் விதைத்தது ஒரே வாரத்தில் காய்த்துக் கொட்டும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இராது. கீரையும் முள்ளங்கியும் பீன்ஸும் இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசையாக விதைத்தால் இது தீரும். வெண்டையும் வெள்ளரியும் பீர்க்கும் வேறு ரகம். பறிக்காமல் விட்டு ஒரு காய் முற்றிவிட்டால் செடி தன் சத்தை விதைக்குத் திருப்பி, புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் "தண்ணீர் மட்டும் விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். திரும்பி வரும்போது கொடி ஓய்ந்திருக்கிறது. காய்க்கிற காயையெல்லாம் பறித்து நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள் என்றும் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.